ஒலிக் கணினியைக் கட்டளை வரியில் இயக்குவது: திருகோணமலைப் பாவனையாளர்களின் கேள்விகளும் பதில்களும்

கோயில், தேவாலயம், பள்ளிவாசல், பாடசாலை மண்டபம், சனசமூக நிலையம் என்று பாட்டுப் போடவும் ஒலிப்பதிவு செய்யவும் நேரடி ஒளிபரப்புக்கும் ஒரு லினக்ஸ் கணினியை வைத்திருப்பவர்களுக்காக இந்தப் பக்கம். உபுண்டு, டெபியன், லினக்ஸ் மின்ட், ராஸ்பெரி பை எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

கட்டளைகளை ஒலிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறோம். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டும். இடைவெளி, கோடு, எண், சதவீதக் குறி இங்கே உள்ளபடியே. அமிக்சர் என்பது ஏ எம் ஐ எக்ஸ் இ ஆர் என்ற ஆறு எழுத்து. ஏபிளே என்றால் ஏ எழுத்தோடு பிளே. ஏரெக்கோட் என்றால் ஏ எழுத்தோடு ரெக்கோட். அல்சாசிரிஎல் என்பதை ஏ எல் எஸ் ஏ சி ரி எல் என்று தட்டுங்கள். எஸ்செட், எஸ்கெட், எஸ்கொன்ட்ரோல்ஸ் மூன்றும் முன்னால் ஒரு எஸ் சேர்ந்தவை. கட்டளைகள் எல்லாம் சிற்றெழுத்து. கார்ட் பெயர்களை ஏபிளே காட்டும்படியே தட்டுங்கள். மாஸ்டர், ஸ்பீக்கர், மைக் போன்ற கட்டுப்பாட்டுப் பெயர்களுக்கு முதல் எழுத்து பெரியது, பிசிஎம் போன்ற சுருக்கங்களுக்கு எல்லா எழுத்தும் பெரியது. அதைச் சிறிதாகத் தட்டினால் கணினி அந்தப் பெயரையே தெரியாது என்று சொல்லிவிடும்.

மவுஸால் இழுத்தாலே சத்தம் கூடிக் குறைகிறதே, கட்டளை எதற்கு?

மவுஸால் இழுக்கும்போது நேற்று எந்த இடத்தில் விட்டீர்கள் என்பது யாருக்கும் தெரியாது. பூசைக்கு ஒருவர், கூட்டத்துக்கு இன்னொருவர், ஒளிபரப்புக்கு வேறொருவர் என்று கைமாறும் கணினியில் இதுதான் பாதித் தலையிடி. கட்டளையில் எந்த சவுண்ட் கார்ட், எந்தக் கட்டுப்பாடு, எத்தனை டெசிபெல் என்று மூன்றும் எழுத்தில் இருக்கும். தாளில் எழுதி ஒட்டலாம், ஒரு கோப்பில் போட்டு வைக்கலாம், அடுத்த வருடத் திருவிழாவுக்கும் அதே அளவைக் கொண்டுவரலாம். இன்னொரு காரணமும் உண்டு. திரையின் மூலையில் இருக்கும் சத்தப் பட்டை மேல் அடுக்கை மட்டுமே காட்டும். கீழே சவுண்ட் கார்டில் உள்ள மைக் பூஸ்ட், ஓட்டோ மியூட் போன்றவை பெரும்பாலும் அங்கே தெரிவதே இல்லை.

முதலில் எதைத் தட்ட வேண்டும்?

கருவிகள் இல்லையென்றால் அல்சா-யூட்டில்ஸ் என்ற பொதியை நிறுவுங்கள். பிறகு:

ஏபிளே -எல்

பாட்டு வெளியே போகக்கூடிய கார்ட்கள் எல்லாம் எண்ணோடும் பெயரோடும் வரும். ஒலிப்பதிவு செய்யக்கூடியவற்றுக்கு ஏரெக்கோட் -எல். அடுத்து, கார்ட் எண் 1 என்றால் அதில் என்னென்ன கட்டுப்பாடுகள் உள்ளன என்று பாருங்கள்:

அமிக்சர் -சி 1 எஸ்கொன்ட்ரோல்ஸ்

ஒன்றின் இப்போதைய நிலையைப் பார்க்க எஸ்கெட், மாற்ற எஸ்செட்:

அமிக்சர் -சி 1 எஸ்கெட் மாஸ்டர்
அமிக்சர் -சி 1 எஸ்செட் மாஸ்டர் 70%
அமிக்சர் -சி 1 எஸ்செட் மாஸ்டர் 3டிபி-
அமிக்சர் -சி 1 எஸ்செட் மாஸ்டர் மியூட்

கூட்டவும் குறைக்கவும் எண்ணுக்குப் பின்னால் கூட்டல் அல்லது கழித்தல் குறி வரும். இடப் பக்கமும் வலப் பக்கமும் வேறு வேறு அளவு வேண்டுமென்றால் 80%,60% என்று கமா போட்டு எழுதலாம், நடுவில் இடைவெளி விடாமல். மியூட், அன்மியூட், டொகிள் மூன்றும் ஒரே இடத்தில் வரும் சொற்கள். டொகிள் என்பது இருப்பதை மாற்றிப் போடும்.

முழுப் படத்தையும் ஒரே பார்வையில் காண அல்சாமிக்சர் என்று தட்டுங்கள். எப்6 கார்டை மாற்றும், எப்4 ஒலிப்பதிவுப் பக்கத்தைத் திறக்கும், எம் விசை மியூட். பட்டைக்குக் கீழே எம்எம் என்று நின்றால் அது அடைபட்டிருக்கிறது. சத்தம் வராத கணினி முன் உட்கார்ந்ததும் முதல் பார்க்க வேண்டிய இடம் அதுதான்.

யூஎஸ்பி கார்டின் எண் ஒவ்வொரு நாளும் மாறுகிறது. நேற்று 1, இன்று 2.

எண்ணை நம்பாதீர்கள். கணினி எழும்பும்போது எந்த கார்ட் முதலில் அகப்படுகிறதோ அதற்கு முதல் எண். கார்டின் அடையாளப் பெயரால் கூப்பிடுங்கள். ஏபிளே -எல் காட்டும் வரியில் எண்ணுக்கு அடுத்து, சதுர அடைப்புக்கு முன்னால் நிற்கும் குறுகிய சொல்தான் அது. மலிவான யூஎஸ்பி சவுண்ட் குச்சிகளுக்குப் பெரும்பாலும் டிவைஸ் என்று இருக்கும், இன்டெல் பலகைகளில் உள்ள கார்டுக்குப் பிசிஎச்:

அமிக்சர் -சி டிவைஸ் எஸ்செட் ஸ்பீக்கர் 60%

ஒரே வகைக் குச்சி இரண்டைச் செருகினால் ஒன்று டிவைஸ், மற்றது டிவைஸ்_1 ஆகும். எது எது என்பது மறுபடியும் மாறக்கூடும். அப்படி இரண்டு தேவைப்படுகிற இடத்தில் வேறு வேறு வகைக் கார்ட் வாங்குவதுதான் எளிது.

புரொஜெக்டர் மாட்டியதும் சத்தம் நின்றுவிட்டது.

எச்டிஎம்ஐ கம்பியிலும் ஒலி போகும். பல கணினிகள் அதை ஒரு தனிக் கார்டாகவே எண்ணும். ஒலி அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. நீங்கள் அமிக்சர் எஸ்கொன்ட்ரோல்ஸ் தட்டும்போது மாஸ்டர் இல்லாமல் ஐஇசி958 என்று மட்டும் வரிசையாக வந்தால் பார்த்துக்கொண்டிருப்பது எச்டிஎம்ஐ கார்டைத்தான். கீழே ஒலிச் சேவகன் பற்றிய பதிலில் சொல்லும் முறையில் முதன்மை வெளியீட்டைப் பழைய கார்டுக்கு மாற்றுங்கள்.

50% போட்டால் பாதிச் சத்தம் வரவேண்டாமா? ஏறக்குறைய ஒன்றுமே கேட்கவில்லை.

அதிகமானோர் இடறும் இடம் இது. அமிக்சர் சொல்லும் சதவீதம், காதுக்குக் கேட்கும் சத்தத்தின் சதவீதம் அல்ல. கார்டுக்குள் இருக்கும் படிகளில் எத்தனையாவது படி என்பது மட்டுமே.

ரியல்டெக் சிப் உள்ள பல லப்டொப்களில் எஸ்கெட் மாஸ்டர் தட்டினால் எல்லை 0 - 87 என்று வரும். ஒரு படிக்கு 0.75 டெசிபெல். 64ஆவது படியில் நிற்கும்போது திரையில் இப்படித் தெரியும்:

64 [74%] [-17.25டிபி] [ஒன்]

முக்கால்வாசி திறந்திருப்பதுபோலத் தோன்றும் 74% உண்மையில் உச்சத்திலிருந்து 17 டெசிபெல் கீழே. 50% போட்டால் 44ஆவது படி, அதாவது -32.25 டெசிபெல். 10 டெசிபெல் குறைந்தால் காதுக்குக் கிட்டத்தட்டப் பாதிச் சத்தம் என்பது பொதுவான கணக்கு; 32 குறைந்தால் மண்டபத்தில் என்ன மிஞ்சும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு வழி உண்டு. ஒன்று, பெரிய எழுத்து எம் கொண்ட -எம் தெரிவைச் சேர்ப்பது:

அமிக்சர் -எம் -சி பிசிஎச் எஸ்செட் மாஸ்டர் 50%

இது காது கேட்கும் விதத்துக்கு ஏற்ப வளைத்த சதவீதம். அல்சாமிக்சர் திரையில் வரும் எண்ணோடு ஒத்துப்போகும். மற்றது, சதவீதத்தை விட்டுவிட்டு நேராக டெசிபெல்லில் எழுதுவது. குறித்து வைக்க வேண்டிய அளவுகளுக்கு நாங்கள் பரிந்துரைப்பது இதைத்தான், ஏனென்றால் கார்ட் மாறினாலும் டெசிபெல்லின் பொருள் மாறாது:

அமிக்சர் -சி பிசிஎச் எஸ்செட் மாஸ்டர் -- -12டிபி

எண்ணுக்கு முன்னால் தனியாக நிற்கும் இரட்டைக் கோட்டை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் கழித்தல் குறியைப் பார்த்து அமிக்சர் அதை ஒரு தெரிவு என்று எடுத்துக்கொண்டு பிழை காட்டும்.

மாஸ்டர் 100%, மியூட்டும் இல்லை. ஆனாலும் சத்தம் இல்லை. ஏன்?

ஒரே குழாயில் மூன்று வால்வு பூட்டியிருப்பதுபோல நினையுங்கள். மேலே, பாட்டுப் போடும் செயலியின் சொந்தச் சத்தப் பட்டை. நடுவில், பல்ஸ்ஓடியோ அல்லது பைப்வயர் என்ற ஒலிச் சேவகன். அடியில், அல்சா (லினக்ஸ் கேர்னலின் ஒலிப் பகுதி) பேசும் சவுண்ட் கார்ட். அல்சா 2003 டிசம்பரில் வந்த லினக்ஸ் 2.6 கேர்னலிலிருந்து உள்ளேயே இருக்கிறது. சேவகன் பிற்காலத்தில் மேலே வந்தது: உபுண்டு 22.10இலும் டெபியன் 12இன் க்னோம் மேசைத்தளத்திலும் பைப்வயர்தான் இயல்புநிலை; அதற்கு முந்தியவற்றில் பல்ஸ்ஓடியோ.

மூன்றில் ஒன்று அடைபட்டாலும் சத்தம் வராது. அடியிலிருந்து மேலே வாருங்கள். முதலில் சேவகனைத் தொடாமல் கார்டை மட்டும் சோதியுங்கள்:

ஸ்பீக்கர்-டெஸ்ட் -டி பிளக்எச்டபிள்யூ:டிவைஸ் -சி 2 -ரி வேவ் -எல் 1

இதில் முதலாவது டி பெரிய எழுத்து. இடம், வலம் என்று ஆங்கிலத்தில் ஒரு குரல் சொல்லும். குரல் கேட்டால் கார்டும் கம்பியும் அம்பிளிபயரும் நல்ல நிலையில்தான், கோளாறு மேலே. கேட்காவிட்டால் சேவகனில் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம், கார்டின் ஒவ்வொரு கட்டுப்பாட்டையும் பாருங்கள். மாஸ்டர் திறந்திருந்தும் ஸ்பீக்கர், ஹெட்போன், பிசிஎம் என்ற தனித்தனிக் கட்டுப்பாடுகளில் ஒன்று மியூட்டில் கிடப்பது சாதாரணம். கருவி வேறொருவர் பிடியில் இருக்கிறது என்று செய்தி வந்தால் பாட்டுச் செயலியை மூடிவிட்டு மறுபடி முயலுங்கள்.

இன்னொன்று. -சி தெரிவு இல்லாமல் அமிக்சர் எஸ்கெட் மாஸ்டர் தட்டும்போது எல்லை 0 - 65536 என்று வந்தால், நீங்கள் பேசிக்கொண்டிருப்பது கார்டோடு அல்ல, சேவகனோடு. 87, 151 போன்ற சின்ன எண் வந்தால்தான் கார்ட். எப்போதும் -சி சேர்த்து எழுதும் பழக்கம் இருந்தால் இந்தக் குழப்பமே வராது.

சேவகனுக்கு என்ன கட்டளை?

பல்ஸ்ஓடியோ, பைப்வயர் இரண்டுக்கும் பிஏசிரிஎல் வேலை செய்யும். வெளியீடுகளின் பட்டியலுக்கும் அதில் ஒன்றை முதன்மையாக்கவும்:

பிஏசிரிஎல் லிஸ்ட் ஷோர்ட் சிங்க்ஸ்
பிஏசிரிஎல் செட்-டிபோல்ட்-சிங்க் 2

கடைசி எண்ணுக்குப் பதிலாகப் பட்டியலில் வந்த நீளமான பெயரைப் போட்டால் இன்னும் நல்லது. எண் மாறும், பெயர் மாறாது. சத்தத்துக்கு:

பிஏசிரிஎல் செட்-சிங்க்-வொலியூம் @டிபோல்ட்_சிங்க்@ 70%

அட் குறிகளுக்கு நடுவில் உள்ளது எல்லாம் பெரிய எழுத்து. பைப்வயர் மட்டும் உள்ள புதிய கணினியில் டபிள்யூபிசிரிஎல் ஸ்டேட்டஸ் தட்டினால் இன்னும் தெளிவான படம் வரும், முதன்மை வெளியீட்டுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறியோடு. இங்கே 50% என்பது ஏறக்குறைய -18 டெசிபெல். அமிக்சரின் 50% போல -32 அல்ல. ஒரே எண்ணை இரண்டு இடத்திலும் போட்டுவிட்டு ஏன் ஒத்துவரவில்லை என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

100%க்கு மேல் போகலாமா?

பிஏசிரிஎல் 150% வரைக்கும், அதற்கு மேலும் விடும். விட்டாலும் போகாதீர்கள். அலையின் உச்சி வெட்டுப்பட்டு ஒலி கரகரக்கும், ஹோர்ன் ஸ்பீக்கரின் சுருளுக்கும் அது நல்லதல்ல. சத்தம் போதாவிட்டால் அம்பிளிபயரில் கூட்டுங்கள்.

மிக்சரிலிருந்து லப்டொப்புக்கு எடுத்து ஒளிபரப்பினால் நாதஸ்வரம் கிழிந்து கேட்கிறது.

இரண்டு காரணம் இருக்கும். ஒன்று கம்பியில், மற்றது கட்டுப்பாட்டில்.

மிக்சரின் ரெக் அவுட் அல்லது லைன் அவுட்டிலிருந்து வருவது லைன் மட்டம். வீட்டுக் கருவிகளில் சுமார் 0.3 வோல்ட், தொழில்முறைக் கருவிகளில் சுமார் 1.2 வோல்ட். லப்டொப்பின் மைக் துளை எதிர்பார்ப்பது மில்லிவோல்ட் கணக்கு. நூறு மடங்குக்குக் கிட்ட அதிகமாக உள்ளே போனால், கார்டின் உள்ளீட்டிலேயே உச்சி வெட்டுப்பட்டுவிடும். பிறகு அமிக்சரில் எவ்வளவு குறைத்தாலும் வெட்டுப்பட்டது திரும்பி வராது. லைன் உள்ளீடு உள்ள யூஎஸ்பி கார்ட் ஒன்றை வாங்குங்கள். அதுவரை மிக்சரின் அந்த வெளியீட்டை நன்றாகத் தாழ்த்தி, மைக் பூஸ்ட்டைப் பூச்சியத்துக்குக் கொண்டுவாருங்கள். லப்டொப்பில் ஹெட்போனும் மைக்கும் சேர்ந்த ஒரே துளை என்றால் நான்கு தொடுமுனை கொண்ட இணைப்பியும் பிரிப்பானும் தேவை. சாதாரண ஸ்டீரியோ கம்பியைச் செருகினால் கணினி அதை ஹெட்போன் என்றே நினைக்கும்.

அமிக்சர் -சி பிசிஎச் எஸ்செட் 'மைக் பூஸ்ட்' 0

இடைவெளி உள்ள பெயரை ஒற்றை மேற்கோள் குறிக்குள் எழுத வேண்டும். மைக் பூஸ்ட் பெரும்பாலான கார்ட்களில் 0 முதல் 3 வரை, ஒரு படிக்கு 10 டெசிபெல். கையில் பிடித்துப் பேசும் மைக்கை நேரே லப்டொப்பில் செருகும்போது 1 போதும். 3 போட்டால் இரைச்சலும் 30 டெசிபெல் ஏறிவிடும்.

யூஎஸ்பி குச்சிகளில் இன்னொரு சிக்கல் காத்திருக்கும், ஓட்டோ கெய்ன் கொன்ட்ரோல் என்ற பெயரில். ஒலி தாழ்ந்தால் தானாகவே கூட்டுவதும் உயர்ந்தால் குறைப்பதும் அதன் வேலை. தொலைபேசிப் பேச்சுக்கு நல்லது. தவிலும் நாதஸ்வரமும் வரும் இடத்தில் அது ஒலியைக் கெடுத்துவிடும்: தவிலின் ஒவ்வொரு அடிக்கும் நாதஸ்வரம் உள்ளே போய்வரும், வாசிப்பு நிற்கும் இடைவெளியில் சனத்தின் இரைச்சல் மேலே எழும்பும். நிறுத்துங்கள்:

அமிக்சர் -சி டிவைஸ் எஸ்செட் 'ஓட்டோ கெய்ன் கொன்ட்ரோல்' ஓஃப்

பிறகு அளவைக் கண்ணால் பார்த்து வையுங்கள்:

ஏரெக்கோட் -டி பிளக்எச்டபிள்யூ:டிவைஸ் -எப் சிடி -வி ஸ்டீரியோ -டி 30 சோதனை.வேவ்

இங்கே முதலாவது டியும் வியும் பெரிய எழுத்து, பின்னால் வரும் டி சிறியது. கோப்பின் பெயரை நீங்கள் விரும்பியபடி வைக்கலாம். திரையில் அளவுப் பட்டை ஓடும். மிக உரத்த இடத்தில் அது 25%க்கும் 50%க்கும் இடையில், அதாவது -12க்கும் -6 டெசிபெல்லுக்கும் இடையில் நிற்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். திருவிழாவில் வாசிப்பு சோதனை நேரத்தைவிட எப்போதும் உரத்தே வரும். அந்த இடைவெளி அதற்காக. சிடி தரத்தில் ஒரு நிமிடத்துக்கு சுமார் 10.6 மெகாபைட் ஆகும், ஒரு மணித்தியாலத்துக்கு 635. மூன்று மணித்தியாலப் பதிவுக்கு முன் வட்டில் 2 ஜிகாபைட் இடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

மைக்கில் பேசுவது எங்கள் ஸ்பீக்கரிலேயே திரும்பி வருகிறது. பாட்டுச் செயலி எதுவும் திறக்கவில்லை.

சில கார்ட்களில் மைக்குக்கு இரண்டு பாதை: பதிவுக்கு ஒன்று, நேரே வெளியீட்டுக்கு இன்னொன்று. இரண்டாவது திறந்து கிடக்கிறது. வெளியீட்டை மூடி, பதிவைத் திறந்து வைக்க:

அமிக்சர் -சி டிவைஸ் எஸ்செட் மைக் மியூட் கெப்

கெப் என்பது சி ஏ பி. பதிவுப் பாதை திறந்தது என்று பொருள். மூட நோகெப். மியூட் வெளியீட்டைத்தான் மூடும், பதிவைத் தொடாது.

கரண்ட் போய் வந்தால் நாங்கள் வைத்த அளவெல்லாம் பழையபடி ஆகிவிடுகிறது.

அல்சா தன் நிலையைக் கணினி ஒழுங்காக அணையும்போதுதான் கோப்பில் எழுதி வைக்கும். கரண்ட் சட்டென்று போனால் எழுத நேரமில்லை. எழும்பும்போது கடைசியாக எழுதியது எதுவோ அதுதான் வரும். அளவைச் சரிசெய்து முடித்தவுடனே கையால் எழுதிவிடுங்கள் (சூடோ என்பது நிர்வாகி அதிகாரத்தோடு ஓட்டச் சொல்வது):

சூடோ அல்சாசிரிஎல் ஸ்டோர்

கோப்பு இருக்கும் இடம் வார், லிப், அல்சா என்ற அடைவுகளுக்குள், அசவுண்ட்.ஸ்டேட் என்ற பெயரில். மீட்க ரீஸ்டோர். மழைக்காலத்தில் அடிக்கடி கரண்ட் போகும் இடங்களில் இந்த ஒரு வரி பல தலையிடிகளைத் தீர்க்கும். ஒன்றைக் கவனியுங்கள்: இது அடி அடுக்கை மட்டுமே காக்கும். சேவகன் தன் அளவுகளைப் பயனரின் வீட்டு அடைவில் தானே வைத்துக்கொள்ளும், உள்நுழைந்தவுடன் கார்டின் மீது அதைப் போட்டும்விடும். ரீஸ்டோர் செய்தும் அளவு மாறி நின்றால் காரணம் சேவகன்தான்.

பூசைக்கு ஓர் அளவு, கூட்டத்துக்கு ஓர் அளவு என்று தனித்தனியாக வைக்க முடியுமா?

முடியும். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் அளவைச் சரியாக வைத்தபின் தனிக் கோப்பில் எழுதுங்கள். எப் தெரிவுக்குப் பின்னால் கோப்பின் முழுப் பாதையைக் கொடுக்க வேண்டும் (இங்கே சுருக்கமாகப் பெயரை மட்டும் எழுதியிருக்கிறோம்):

சூடோ அல்சாசிரிஎல் -எப் பூசை.ஸ்டேட் ஸ்டோர் டிவைஸ்
சூடோ அல்சாசிரிஎல் -எப் பூசை.ஸ்டேட் ரீஸ்டோர் டிவைஸ்

கடைசியில் கார்டின் பெயரைச் சேர்த்தால் அந்த ஒரு கார்ட் மட்டுமே மாறும். கட்டளை தெரியாத தொண்டர்களுக்கு இந்த வரியை ஒரு ஷெல் கோப்பில் போட்டு மேசைத்தளத்தில் ஒரு குறியாக வைத்துவிடலாம்.

காலை 5.30க்குத் தானாகவே சத்தம் தாழ வேண்டும்.

குறித்த நேரத்தில் கட்டளையை ஓட்டுவது குரொன் என்ற சேவை. குரொன்டாப் -இ தட்டி ஒரு வரி சேருங்கள்: 30 5 * * * என்று நேரம், அடுத்து கட்டளை. இங்கே ஒரு பொறி உண்டு. குரொன் சதவீதக் குறியை வரி முடிவு என்று எடுத்துக்கொள்ளும். அதனால் 40% என்று எழுதினால் 40 வரைக்கும்தான் போகும், ஸ்பீக்கர் 40ஆவது படிக்குப் போய் நிற்கும். சதவீதக் குறிக்கு முன் ஒரு பின்சாய்வுக் கோடு போடுங்கள், அல்லது டெசிபெல்லில் எழுதுங்கள்.

குரொனிலிருந்து அமிக்சர் -சி நேரே வேலை செய்யும், யாரும் உள்நுழையாவிட்டாலும். அந்தப் பயனர் ஓடியோ குழுவில் இருந்தால் போதும். சூடோ யூசர்மொட் -ஏஜி ஓடியோ என்று தட்டிப் பயனர் பெயரைச் சேர்த்து, ஒருமுறை வெளியேறி உள்ளே வாருங்கள். -ஏஜியில் ஜி பெரிய எழுத்து, ஏ சிறியது; ஏ இல்லாமல் தட்டினால் பயனர் மற்றக் குழுக்களிலிருந்து விலக்கப்பட்டுவிடுவார். பிஏசிரிஎல் அப்படியல்ல. அதற்கு எக்ஸ்டிஜி_ரன்டைம்_டிர் (எல்லாம் பெரிய எழுத்து) என்ற மாறி வேண்டும். முதல் பயனருக்கு வழக்கமாக அதன் மதிப்பு ரன், யூசர், 1000 என்ற அடைவு. அது இல்லாமல் ஓடினால் இணைப்பு மறுக்கப்பட்டது என்று வரும். போனிலிருந்து எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் முறை) வழியாக வந்து தட்டும்போதும் அதே பயனர் பெயரில் நுழையுங்கள். சூடோ போட்டால் சேவகன் அகப்படாது.

லப்டொப் ஸ்பீக்கரில் சத்தமே இல்லை, ஹெட்போன் மாட்டினால் கேட்கிறது. இங்கே பலருக்கு இப்படி. ஏன்?

உப்புக்காற்று. உப்புவெளியிலும் நிலாவெளியிலும் கடலைப் பார்த்த மண்டபங்களில் திறந்தே கிடக்கும் 3.5 மில்லிமீற்றர் துளைக்குள் இருக்கும் தொடுமுனை ஓரிரண்டு வருடத்தில் பச்சை பிடித்துவிடும். ஹெட்போன் செருகியிருக்கிறதா என்று பார்க்கும் சின்னத் தகடும் அதே துளைக்குள்தான். அது ஒட்டிக்கொண்டால் எதுவும் செருகாதபோதும் கணினி ஹெட்போன் இருக்கிறது என்று எண்ணி ஸ்பீக்கரை மூடிவிடும். உறுதிப்படுத்த:

அமிக்சர் -சி பிசிஎச் கொன்டென்ட்ஸ்

நீளமாக ஓடும் பட்டியலில் ஹெட்போன் ஜாக் என்ற வரியைத் தேடுங்கள். ஒன்றும் செருகாமல் மதிப்பு ஒன் என்று நின்றால் தகடு ஒட்டியிருக்கிறது. தற்காலிகமாக:

அமிக்சர் -சி பிசிஎச் எஸ்செட் 'ஓட்டோ-மியூட் மோட்' டிஸேபிள்ட்

அதன்பிறகும் சேவகன் ஹெட்போன் வழியிலேயே நின்றால் ஒலி அமைப்பில் வெளியீட்டை ஸ்பீக்கர் என்று கையால் தெரிவுசெய்யுங்கள். நிரந்தரத் தீர்வு கணினியை அணைத்து, ஐசோபுரொப்பைல் அல்கஹோல் தொட்ட மெல்லிய பஞ்சுக்குச்சியால் துளையைத் துடைத்து, முழுதாகக் காயவிட்டு, ஒரு பிளக்கைப் பத்துப் பதினைந்து தடவை செருகி எடுப்பது. பாவிக்காத நேரம் துளையை ஒரு வெற்றுப் பிளக்கால் அடைத்து வையுங்கள். ஒரு பக்கம் மட்டும் கேட்காமல் போவதற்கும் பெரும்பாலும் இதே பச்சைதான் காரணம். அமிக்சரில் இரு பக்க அளவும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு நேரே பஞ்சுக்குச்சியை எடுங்கள்.

உம்ம்ம் என்ற இரைச்சல் எந்தக் கட்டளைக்கும் போகவில்லை.

போகாது. அது 50 ஹேர்ட்ஸ் மின்சாரம் நிலத்தொடுப்பு வழியாகச் சுற்றி வருவது. லப்டொப்பின் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் இதுதான். கணினியையும் மிக்சரையும் ஒரே பிளக் பொயின்டிலிருந்து எடுங்கள், அல்லது நடுவில் ஒலித் தனிமைப்படுத்தும் டிரான்ஸ்போமர் போடுங்கள். பிளக்கின் எர்த் முனையை வெட்டுவதோ கழற்றுவதோ வேண்டவே வேண்டாம். மழையில் நனைந்த பந்தலில் ஒலிவாங்கியைப் பிடித்திருப்பவரின் உயிருக்கு ஆபத்து.

காற்று இரைச்சல்?

கோணேசர் கோயில் சூழலைப் போலக் கடலுக்கு நேரே நிற்கும் இடங்களில், கச்சான் வீசும் மாதங்களில் இது பெருந்தொல்லை. கார்டின் கட்டுப்பாடுகளில் இதற்கு மருந்து இல்லை. ஒலிவாங்கிக்குத் தடித்த பஞ்சுறை போட்டு, மிக்சரில் அந்தத் தடத்தின் லோ கட் பொத்தானை அழுத்துங்கள். அது பெரும்பாலும் 75 முதல் 100 ஹேர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டும். மைக் பூஸ்ட்டைக் குறைத்து ஒலிவாங்கியை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோவதும் நல்ல பலன் தரும்.

ராஸ்பெரி பையில் 50% போட்டால் மௌனம், 100% போட்டால் கரகரப்பு.

பையின் 3.5 மில்லிமீற்றர் வெளியீட்டுக் கார்டின் பெயர் ஹெட்போன்ஸ். அதன் எல்லை -10239 முதல் 400 வரை, டெசிபெல்லின் நூறில் ஒரு பங்காக. ஆகவே 100% என்பது +4 டெசிபெல், 50% ஏறக்குறைய -49. சதவீதத்தை மறந்துவிட்டு இப்படி வையுங்கள்:

அமிக்சர் -சி ஹெட்போன்ஸ் எஸ்செட் பிசிஎம் 0டிபி

பை 5இல் அந்தத் துளையே கிடையாது. யூஎஸ்பி கார்ட் வேண்டும்.

விண்டோஸ், மக்கில்?

விண்டோஸில் இதற்கென்று உள்ளிருப்புக் கட்டளை இல்லை. நிர்சொப்டின் நிர்கொமாண்ட் என்ற இலவசக் கருவியில் செட்சிஸ்வொலியூம் 32768 என்று கொடுத்தால் பட்டை நடுவுக்கு வரும். அதன் உச்சம் 65535. மக்கில் ஓஎஸ்ஏஸ்கிரிப்ட் -இ 'செட் வொலியூம் அவுட்புட் வொலியூம் 40'.

பிழைச் செய்திகளுக்கு என்ன பொருள்?

சிம்பிள் கொன்ட்ரோலைக் காணவில்லை என்று வந்தால் பெயரின் பெரிய, சிறிய எழுத்தையும் -சிக்குப் பின்னால் உள்ள கார்டையும் பாருங்கள். சில யூஎஸ்பி கார்ட்களில் சத்தக் கட்டுப்பாடே இருக்காது. எஸ்கொன்ட்ரோல்ஸ் வெறுமையாக வரும். அங்கே சேவகன் வழியாகத்தான் கூட்டிக் குறைக்க வேண்டும். கார்ட் எண் செல்லாது என்றால் கார்ட் கழன்றிருக்கிறது. வேறு யூஎஸ்பி துளையில் நேரே செருகிப் பாருங்கள், நீட்டுக் கம்பியோ ஹப்போ இல்லாமல். மிக்சர் டிபோல்ட்டில் இணையவில்லை, அப்படியொரு கோப்பு இல்லை என்று வந்தால் ஏபிளே -எல் தட்டுங்கள். அது கார்ட் எதையும் காட்டாமல், சூடோ சேர்த்தால் மட்டும் காட்டினால் நீங்கள் ஓடியோ குழுவில் இல்லை. சூடோவிலும் காட்டாவிட்டால் டிமெசேஜ் (டி எம் இ எஸ் ஜி என்று தட்டுங்கள்) கட்டளையின் கடைசி வரிகளில் அந்த கார்டின் டிரைவர் ஏன் ஏறவில்லை என்பது எழுதியிருக்கும்.